தொடக்ககால ஸ்டாக் கார் பந்தய வரலாறு: பரண் பெட்டியிலிருந்து ஆவணக்காப்பகம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

1963 டிசம்பர் 1. ஃப்ளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில்லில், அரை மைல் மண் தடத்தில் பந்தயம். வர்ஜீனியாவின் டான்வில் ஊர்க்காரரான வெண்டல் ஸ்காட் எல்லாரையும் முந்திக்கொண்டு ஓட்டினார். வெற்றிக் கொடி அசைந்ததோ இன்னோர் ஓட்டுநரான பக் பேக்கருக்கு. கோப்பையும் அவர் கைக்கே போனது. கூட்டம் கலைந்த பிறகு சுற்றுக் கணக்கைச் சரிபார்த்துவிட்டு, ஜெயித்தது ஸ்காட்தான் என்று அறிவித்தார்கள். கணக்கில் பிழை என்பது அமைப்பாளர்கள் சொன்ன காரணம். கறுப்பினத்தவர் ஒருவர் மேடையேறிக் கோப்பை வாங்குவதை அன்றைய தெற்கு மாநிலங்களில் சகிக்க மாட்டார்கள் என்பதே நிஜக் காரணம் என்று ஸ்காட் நம்பினார். அவர் 1990-இல் இறந்தார். முறையான கோப்பை அவர் குடும்பத்தின் கைக்கு வந்தது 2021 ஆகஸ்டில்.

இது ஒரே ஒரு சம்பவம் இல்லை. 1949 ஜூன் 19-ஆம் தேதி வட கரோலினாவின் ஷார்லட் நகரில், ஸ்டாக் கார் (கடையில் விற்கும் சாதாரணக் கார்) பந்தயங்களை நடத்தும் அமைப்பான நாஸ்காரின் முதல் 'ஸ்டிரிக்ட்லி ஸ்டாக்' பந்தயம் நடந்தது. ஷோரூமில் விற்கிறபடியே கார் இருக்க வேண்டும் என்பது விதி. முதலில் வந்தவர் கிளென் டன்னவே. அவருடைய ஃபோர்டின் பின்பக்க ஸ்பிரிங்கில் கைவைத்திருப்பதைச் சோதனையில் கண்டுபிடித்து, கான்சாஸ்காரர் ஜிம் ரோப்பருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். சாராயம் ஏற்றினால் வண்டி பின்னால் தாழக்கூடாது என்று கடத்தல்காரர்கள் வழக்கமாகச் செய்துகொள்ளும் வேலைதான் அது. 1959 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் டேட்டோனாவில் நடந்த முதல் டேட்டோனா 500 பந்தயத்திலோ ஜானி போஷாம் ஜெயித்ததாக முதலில் அறிவித்துவிட்டு, போட்டோக்களையும் செய்திப்படச் சுருளையும் வரவழைத்துப் பார்த்து, மூன்று நாள் கழித்து லீ பெட்டிதான் வென்றார் என்று மாற்றினார்கள்.

யார் ஜெயித்தார் என்பதைக்கூட காகிதமும் போட்டோவும் முடிவு செய்த விளையாட்டு இது. ஆனால் பழைய பந்தயத்தைக் காப்பாற்றுவது என்று பேச்சு வந்தால் எல்லாரும் காரைத்தான் தேடி ஓடுகிறார்கள். என் கணக்கில் கார் கடைசி. முதலில் பரணில் கிடக்கும் பெட்டி, அப்புறம் உயிரோடு இருப்பவர்களின் ஞாபகம், அதற்குப் பிறகு தடம். கார் அதற்கும் பிறகு. கீழே உள்ள படிகளும் அதே வரிசைதான்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு இதில் கைகொடுக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஐ.டி. வேலைக்காக ஷார்லட், ராலே, டர்ஹம், அட்லாண்டா பக்கம் குடியேறியவர்கள் இந்த வரலாறு நடந்த மண்ணிலேயே இருக்கிறார்கள். அங்குள்ள சிறிய ஊர் வரலாற்றுச் சங்கங்களை நடத்துபவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். ஸ்கேன் செய்யவும் பட்டியல் போடவும் ஒருவர் வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

முதல் படி: எல்லையைச் சுருக்குங்கள்

மொத்த வரலாற்றையும் காப்பாற்றப் போகிறேன் என்று இறங்கினால் ஆறு மாதத்தில் அலுத்துவிடும். ஒரு தடம், ஒரு மாவட்டம், அல்லது ஒரு குடும்பம் போதும்.

காலத்துக்கும் ஒரு வரம்பு வேண்டும். நான் 1936-இல் தொடங்குவேன். அந்த ஆண்டு மார்ச் 8-ஆம் தேதி டேட்டோனா கடற்கரையில், பாதி மணலிலும் பாதி தார்ச்சாலையிலுமாக ஒரு ஸ்டாக் கார் பந்தயம் நடந்தது. திருப்பங்களில் கார்கள் புதைந்துபோய், முழுத் தூரம் முடியுமுன்பே பந்தயத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. மில்ட் மரியன் ஜெயித்தார். ஐந்தாவதாக வந்த பில் ஃபிரான்ஸ்தான் பிற்பாடு, 1947 டிசம்பரில், அதே ஊரின் ஸ்ட்ரீம்லைன் ஹோட்டலில் ஆட்களைக் கூட்டி நாஸ்காருக்கு அடித்தளம் போட்டவர். 1959-இல் டேட்டோனாவில் பெரிய தார்த் தடம் திறந்ததோடு ஒரு காலம் முடிகிறது. உங்கள் ஊர்த் தடம் அதற்குப் பிறகும் ஓடியிருந்தால் அதை மூடிய ஆண்டுவரை போகலாம்.

இரண்டாம் படி: பெட்டியைத் திறக்கும்போது

ஒரு மெக்கானிக்கின் மகளோ ஓட்டுநரின் பேரனோ உங்களிடம் ஒரு அட்டைப் பெட்டியைத் தருகிறார் என்று வையுங்கள். எதையும் எடுத்து அடுக்காதீர்கள். முதலில் இருக்கிறபடியே மேலிருந்து போனில் படம் எடுங்கள். எந்தப் போட்டோ எந்தக் கவரில் இருந்தது, எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதும் தகவல்தான். ஒரே கவரில் கிடக்கும் பத்துப் படங்களில் ஒன்றின் பின்னால் மட்டும் தேதி இருந்தால், மற்ற ஒன்பதுக்கும் அது துப்பு.

அடுத்து முகர்ந்து பாருங்கள். நெகட்டிவிலிருந்தோ ஃபிலிம் சுருளிலிருந்தோ வினிகர் வாடை வந்தால் அசிட்டேட் ஃபிலிம் சிதைய ஆரம்பித்துவிட்டது. அந்த வாடை பக்கத்தில் இருக்கும் நல்ல ஃபிலிமையும் கெடுக்கும். உடனே தனியாக எடுத்து வையுங்கள், ஸ்கேன் வரிசையில் அதற்கே முதலிடம். 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய நெகட்டிவ் சில நைட்ரேட் வகையாக இருக்கும். அது எளிதில் தீப்பிடிக்கும். பிசுபிசுப்பாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் வீட்டில் வைத்திருக்காமல் ஒரு ஆவணக்காப்பகத்தைக் கேளுங்கள். வீட்டு 8 மி.மீ. ஃபிலிம் கிடைத்தால் ஆர்வக்கோளாறில் பழைய புரொஜெக்டரில் போட்டுவிடாதீர்கள். சுருங்கிய ஃபிலிமின் துளைகள் கிழிந்து ஒரே ஓட்டத்தில் போய்விடும்.

பசைத்தாள்மேல் பிளாஸ்டிக் உறை மூடும் ஆல்பங்கள் 1970-களில் எல்லார் வீட்டிலும் இருந்தன. போட்டோவுக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. அதிலிருந்து படத்தைப் பிய்க்காமல், பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, மெல்ல அறுப்பதுபோல் இழுத்தால் பசை விட்டுக்கொடுக்கும். பிடிவாதமாக ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள், பக்கத்தோடு ஸ்கேன் செய்தால் போதும். குடும்பத்தார் கையால் வெட்டி ஒட்டிக் குறிப்பெழுதிய ஒட்டுப் புத்தகம் என்றால் கதை வேறு. அதைப் பிரிக்கவே கூடாது. பக்கம் பக்கமாக முழுசாகப் படம் எடுங்கள்.

ரப்பர் பேண்ட், குண்டூசி, செல்லோடேப் மூன்றையும் விலக்குங்கள். பின்பக்கம் எழுத வேண்டுமானால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், லேசாக எழுதுங்கள். புது பிளாஸ்டிக் வாசனை அடிக்கும் பி.வி.சி. உறை வேண்டாம். பாலியெஸ்டர் உறையும் அமிலமில்லாத அட்டைப் பெட்டியும் ஆவணக்காப்பகப் பொருள்கள் விற்கும் இடங்களில் கிடைக்கும். பரணும் நிலவறையும் ஆகாது. ஒன்று வெயிலில் வேகும், மற்றது ஈரத்தில் ஊறும். வீட்டின் நடு அறை அலமாரியே நல்ல இடம்.

மூன்றாம் படி: ஸ்கேன்

இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. போட்டோ பிரிண்ட் என்றால் 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), 35 மி.மீ. ஸ்லைடு என்றால் 4000-க்குப் பக்கத்தில். டிஃப் கோப்பாகச் சேமித்து, அனுப்பவும் காட்டவும் ஒரு ஜேபெக் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரை, பத்திரிகை அலுவலகத்தின் கிறுக்கல், யாரோ போட்ட விலை எல்லாம் அங்கேதான் இருக்கும். மூலக் கோப்பில் கீறலைச் சரிசெய்வது, கலர் போடுவது எதுவும் வேண்டாம். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். அவ்வளவுதான்.

நான்காம் படி: படத்தில் இருப்பது யார், எங்கே, எப்போது

எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த பகுதி இது. பலர் கார் எண்ணைப் பார்த்தவுடன் பெயரை எழுதிவிடுவார்கள். 22 என்று இருந்தால்? 1949-இல் நாஸ்காரின் முதல் ஸ்டிரிக்ட்லி ஸ்டாக் பட்டத்தை வென்ற ரெட் பைரனும் 22-தான், 1950-களின் பிற்பகுதியில் புகழ்பெற்ற ஃபயர்பால் ராபர்ட்ஸும் 22-தான். எண்ணைக் கடைசியில் பாருங்கள்.

முதலில் தரையைப் பாருங்கள். மார்ட்டின்ஸ்வில் தடத்துக்குத் தார் போட்டது 1955-இல். நார்த் வில்க்ஸ்பரோவுக்கு 1957-இல். டார்லிங்டன் 1950-இல் திறந்ததே தார்த் தடமாக. ஹில்ஸ்பரோவின் ஆக்கனீச்சி கடைசிவரை மண்தான். ஆகவே மார்ட்டின்ஸ்வில் என்று குறித்த படத்தில் புழுதி பறந்தால் அது தார் போடுவதற்கு முந்தையது. டார்லிங்டன் என்று எழுதிய படத்தில் புழுதி பறந்தால், எழுதியவர் தடம் மாறிப்போயிருக்கிறார்.

கடற்கரைப் படத்துக்கு வேறு சோதனை உண்டு. டேட்டோனாவில் கார்கள் தார்ச்சாலையில் தெற்கே போய், திரும்பி, மணலில் வடக்கே வரும். ஆகவே மணலில் ஓடும் காரின் வலப்பக்கம் அட்லாண்டிக் கடல் இருக்க வேண்டும். இடப்பக்கம் கடல் தெரிந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள், அல்லது அது பந்தயத்தின்போது எடுத்த படமே இல்லை. ஸ்டீயரிங் எந்தப் பக்கம், எண் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி இருக்கிறதா என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். பந்தய நேரத்தையே கடல் வற்றும் வேளையைப் பார்த்துத்தான் வைத்தார்கள் என்பதால், மணல் எவ்வளவு அகலம் என்பதும் ஒரு குறிப்பு.

அப்புறம் கார். முன்பக்க கிரில் ஒன்றே மாடல் ஆண்டைச் சொல்லிவிடும். 1940 ஃபோர்டு கூப்பேக்கும் 1949 ஃபோர்டுக்கும் முகமே வேறு. ஆனால் இது 'இதற்கு முன் இல்லை' என்று மட்டும்தான் சொல்லும். 1939 கார் 1950-களிலும் மாற்றியமைத்த வண்டியாக ஓடியிருக்கலாம். கதவைத் தோல் வாரால் கட்டியிருக்கிறார்களா, முகப்பு விளக்கில் டேப் ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டும் ஷோரூம் கார் காலத்தின் அடையாளம். ஓட்டுநரின் தலைக்கவசம், பின்னால் தெரியும் விளம்பரப் பலகை, பார்வையாளர் உட்கார்ந்திருக்கும் மேடை மரமா கான்கிரீட்டா, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது தெரிந்ததையும் ஊகத்தையும் பிரித்து எழுதுங்கள். 'அனேகமாக 1952, கிரில்லை வைத்து' என்று காரணத்தோடு எழுதினால் நாளை வேறொருவர் திருத்த முடியும். வெறும் '1952' என்று எழுதினால் அது கல்வெட்டாகிவிடும். ஓட்டுநரோடு ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், அது 1953, டிம் ஃப்ளாக். ஜாக்கோ ஃப்ளாக்கோ என்ற அந்தக் குரங்கு நிஜமாகவே சில பந்தயங்களில் கூடப் போனது.

ஐந்தாம் படி: பேச வையுங்கள்

1950-இல் இருபது வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூற்றைந்துக்கு மேல். அதனால் இந்தப் படியைத் தள்ளிப்போடக் கூடாது. ஸ்கேனரை வாங்குவதற்கு முன்பே இதைத் தொடங்கினாலும் சரி.

புகழ்பெற்ற ஓட்டுநர்கள் ஏற்கெனவே நிறையப் பேசிவிட்டார்கள். ஜூனியர் ஜான்சனின் பேட்டியை வட கரோலினா பல்கலைக்கழகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1988-லேயே பதிவு செய்து வைத்திருக்கிறது. நீங்கள் போக வேண்டியது டிக்கெட் கிழித்தவர், தடத்துக்குத் தண்ணீர் தெளித்தவர், பக்கத்து வயல்காரர், முக்கியமாக, சுற்று எண்ணியவர்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு காருக்கும் ஓர் ஆள் உட்கார்ந்து, கார் கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் பார்த்து அட்டையில் நேரம் எழுத வேண்டும். பல சமயம் அது ஓட்டுநரின் மனைவி அல்லது அக்கா தங்கை. ஜாக்சன்வில் மாதிரிக் குழப்பங்கள் எப்படி நடக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பந்தய வரலாற்றில் பெண்கள் என்றால் சாரா கிறிஸ்டியன், லூயிஸ் ஸ்மித், எத்தல் ஃப்ளாக் மோப்லி என்று 1949-இல் காரோட்டிய மூவரைச் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் அட்டை எழுதிய பெண்களின் பெயர் அனேகமாக எங்கேயும் இல்லை.

'அந்தக் காலம் எப்படி இருந்தது?' என்று கேட்டால் 'நன்றாக இருந்தது' என்ற பதில்தான் வரும். கையில் தொடக்கூடிய விஷயத்தைக் கேளுங்கள். காரை டிரெய்லரில் கொண்டுபோனீர்களா, ஓட்டியே போனீர்களா? உடைந்தால் பாகம் எங்கே கிடைத்தது? பரிசுப் பணத்தை யார் கையில் வாங்கினீர்கள், பணமாகவா காசோலையாகவா? கறுப்பினப் பார்வையாளர்கள் எங்கே உட்கார்ந்தார்கள்? நாலாம் படியில் சேர்த்த போட்டோக்களை மேசைமேல் வைத்துவிட்டால் பேச்சு தானாக வரும். தெற்கு மாநிலங்களில் பெரியவர்களிடம் 'சார்', 'மேடம்' போடாமல் பேசக் கூடாது. நம் ஊர்க்காரர்களுக்கு அது சொல்லித்தர வேண்டியதில்லை.

சாராயக் கதையில் மட்டும் கவனம். கடத்தல்காரர்கள் இருந்தது உண்மை. ஜூனியர் ஜான்சனே 1956-இல் அப்பாவின் சாராய உலையில் பிடிபட்டுச் சிறை போனவர். அதிபர் ரீகன் 1986-இல் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். ஆனால் பஞ்சாலைத் தொழிலாளிகளும் விவசாயிகளும் ஒர்க்‌ஷாப்காரர்களும் ஓட்டிய விளையாட்டு இது. கதை சுவாரஸ்யமாக இருக்கிறது என்பதற்காக எல்லாரையும் கடத்தல்காரர் ஆக்கிவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், நிஜமாகவே உலை வைத்திருந்த குடும்பத்துக்கு அது இன்னும் கூச்சமாக இருக்கலாம். பதிவுக்கு முன்பே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கி, எந்தப் பகுதியை எத்தனை ஆண்டு மூடி வைக்க வேண்டும் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். ஒலியை வேவ் கோப்பாகப் பதியுங்கள், போனிலேயே செய்தாலும் டி.வி., ஏ.சி. இரண்டையும் அணைத்துவிட்டு.

ஆறாம் படி: சொன்னதைச் சரிபாருங்கள்

பந்தய ஞாபகம் எல்லாரையும் ஒரு இடம் முன்னால் தள்ளிவிடும். மூன்றாவதாக வந்தவர் பேரனிடம் இரண்டாவது என்று சொல்லியிருப்பார். உள்ளூர்ப் பத்திரிகைதான் முதல் துணை. வட கரோலினாவுக்கு டிஜிட்டல்என்சி தளத்தில் சிற்றூர்ப் பத்திரிகைகள் நிறைய இருக்கின்றன. பந்தய விளம்பரம் வந்த நாளை மட்டும் நம்பாதீர்கள், மழையால் தள்ளிப்போன பந்தயங்கள் ஏராளம். அடுத்த வார முடிவையும் தேடுங்கள். கறுப்பின ஓட்டுநர்களைத் தேடினால் நார்ஃபோக் ஜர்னல் அண்ட் கைட் போன்ற கறுப்பினப் பத்திரிகைகளையும் புரட்ட வேண்டும். சாராய வழக்கு என்றால், தென்கிழக்கு மாநிலங்களின் கூட்டாட்சி நீதிமன்றப் பழைய கோப்புகள் ஜார்ஜியாவின் மாரோவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகக் கிளையில் இருக்கின்றன.

கல்லறையையும் விடாதீர்கள். ஜார்ஜியாவின் டாசன்வில்லில் லாய்ட் சீயின் கல்லைப் பாருங்கள். 1941 செப்டம்பர் 1 அன்று அட்லாண்டாவின் லேக்வுட் தடத்தில் ஜெயித்து, மறுநாளே சர்க்கரைக் கடன் தகராறில் சொந்தக்காரர் கையால் சுடப்பட்டு இறந்தவர். வயது 21. சர்க்கரை எதற்கென்று சொல்ல வேண்டாம், சாராயத்துக்குத்தான். கல்லில் அவருடைய ஃபோர்டு கூப்பேயைச் செதுக்கி, ஓட்டுநர் ஜன்னல் இருக்கும் இடத்தில் அவர் முகத்தின் போட்டோவைப் பதித்திருக்கிறார்கள்.

ஏழாம் படி: தடம்

ஹில்ஸ்பரோவில் ஈனோ ஆற்றங்கரையில் இருக்கும் ஆக்கனீச்சி 1949-இன் முதல் பருவத்தில் பந்தயம் நடந்த தடங்களில் ஒன்று. 0.9 மைல் நீளம். 1968 செப்டம்பரில் கடைசிப் பந்தயம், ரிச்சர்ட் பெட்டி ஜெயித்தார். அதற்குப் பிறகு மரங்கள் மூடிக்கொண்டன. 2002-இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறி, இன்று நடைபாதையாக இருக்கிறது. டர்ஹமிலிருந்து அரைமணி நேரம்கூட ஆகாது. பைன் மரங்களுக்கு நடுவே கான்கிரீட் படிகள் தெரியும். தடத்தை மீட்பது என்றால் திரும்பவும் கார் ஓட்டுவது என்று அர்த்தமில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

நார்த் வில்க்ஸ்பரோ வேறு வழியில் தப்பித்தது. 1996-க்குப் பிறகு பெரிய பந்தயம் இல்லாமல் கிடந்தது. 2019 டிசம்பரில் பிரபல ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியரும் நண்பர்களும் களை பிடுங்கிச் சுத்தம் செய்து, கணினி விளையாட்டுக்காக லேசர் ஸ்கேன் எடுக்க வைத்தார்கள். தடம் அழிந்தாலும் அளவாவது மிஞ்சட்டும் என்பதுதான் அப்போதைய எண்ணம். பிறகு மாநில அரசு வழியாக 1.8 கோடி டாலர் வந்தது, 2023-இல் நாஸ்காரின் ஆல்-ஸ்டார் பந்தயமே அங்கே நடந்தது.

உங்கள் ஊரில் மறைந்துபோன தடத்தைக் கண்டுபிடிக்க, அமெரிக்க வேளாண் துறை 1930-களிலிருந்து எடுத்த வான்வழிப் படங்களைப் பாருங்கள். வயல்களுக்கு நடுவே ஒரு முட்டைவடிவ வளையம் பளிச்சென்று தெரியும். அதை இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்தி, நில உரிமையாளரிடம் அனுமதி வாங்கிய பிறகு போய் நடந்து பாருங்கள். திருப்பத்தின் மண்மேடு, வேலிக்கம்பம், டிக்கெட் கொட்டகையின் அடித்தளம் ஆகியவற்றை ஜி.பி.எஸ். புள்ளியோடு படம் எடுங்கள். மெட்டல் டிடெக்டரோடு போய்த் தோண்டாதீர்கள். கிடந்த இடத்தைவிட்டு வெளியே வந்த போல்ட் வெறும் துருப்பிடித்த இரும்பு.

எட்டாம் படி: கார்

அசல் பந்தயக் கார் மிஞ்சியிருப்பது அபூர்வம். உடையும்வரை ஓட்டி, உடைந்ததும் பாகம் கழற்றி, மிச்சத்தை இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார்கள். ஹெர்ப் தாமஸ் ஓட்டிய ஹட்சன் ஹார்னெட் மிச்சிகனின் இப்சிலாண்டி அருங்காட்சியகத்தில் இருப்பதெல்லாம் அதிர்ஷ்டம்.

யாராவது 'இது தாத்தாவின் பந்தயக் கார்' என்று காட்டினால் பெயின்டைத் தொடுவதற்கு முன் சேஸிஸ் எண்ணைப் படம் எடுங்கள், உரிமைப் பத்திரம் யார் யார் கைமாறியது என்று வரிசைப்படுத்துங்கள், பழைய போட்டோவில் தெரியும் நசுங்கலும் வெல்டிங்கும் இந்தக் காரில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். மேல் பெயின்டுக்குக் கீழே கையால் எழுதிய பழைய எண் இருக்கலாம். பளபளவென்று புதுசாக்கிவிட்டால் அது போச்சு. கழற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் சீட்டுக் கட்டிப் பெட்டியில் போடுங்கள். நகல் கார் செய்வது தப்பில்லை, நகல் என்று பலகையில் எழுதாமல் விடுவதுதான் தப்பு.

ஒன்பதாம் படி: கொடுத்துவிடுங்கள்

உங்கள் அலமாரி நிரந்தரமில்லை. பூன் நகரில் அப்பலாச்சியன் ஸ்டேட் பல்கலைக்கழக நூலகத்தில் ஸ்டாக் கார் பந்தயத்துக்கென்றே ஒரு தொகுப்பு இருக்கிறது. வாட்கின்ஸ் கிளென்னில் பந்தய ஆய்வு மையம், ஷார்லட்டில் 2010-இல் திறந்த நாஸ்கார் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகம், டாசன்வில்லில் ஜார்ஜியாவின் பந்தய அருங்காட்சியகம் எல்லாம் உண்டு. உள்ளூர்ப் பொருள் உள்ளூர் நூலகத்துக்கே போனால் நல்லது என்பது என் கட்சி, அங்கே ஈரம் வராத ஓர் அறை இருந்தால்.

கொடுக்கும்போது வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். நன்கொடைப் பத்திரத்தில் மூன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: பொருளை அவர்கள் பின்னாளில் விற்கவோ கழிக்கவோ நினைத்தால் குடும்பத்துக்கு முதலில் தெரிவிப்பார்களா, ஸ்கேன் நகல் குடும்பத்துக்கு வருமா, பொதுமக்கள் பார்க்க எப்போது திறப்பார்கள். போட்டோ கையில் இருப்பதால் அதன் காப்புரிமை கையில் இருப்பதாக ஆகாது, அது பெரும்பாலும் எடுத்தவருக்கோ அவர் வாரிசுக்கோ சொந்தம். அதனால் யார் எடுத்தார் என்று தெரிந்த படங்களுக்குத் தனிப் பட்டியல் போட்டு, பத்திரத்தோடு இணைத்துக் கொடுங்கள்.